கெண்டி வராத பருவம்

கடல் வற்றியிருக்கும்போது கரைப்பறவைகளை எண்ண முடியாது. சேறு கண்ணுக்கெட்டிய வரை விரிந்து கிடக்கும். பறவைகள் அதில் எங்கெங்கோ சிதறி இரை தேடிக்கொண்டிருக்கும். தொலைநோக்கியில் பார்த்தாலும் புள்ளிகள்தான் தெரியும். தண்ணீர் ஏறி, சேறு முழுவதும் மூழ்கி, நிற்க இடமில்லாமல் எல்லாம் ஒரே மேட்டில் வந்து நெருக்கியடித்து நிற்கிற கொஞ்ச நேரத்தில் எண்ணி முடித்துவிட வேண்டும். கிள்ளான் துறைமுகப் பக்கம், அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து ஓரிரு நாளில் வருகிற காலைப் பெருக்கு இதற்கு வசதியானது. வெளிச்சம் இருக்கும், வெயில் ஏறியிருக்காது.

நான் எண்ணுகிற மேடு பண்டமாரானைத் தாண்டி, கொள்கலன் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. கைவிடப்பட்ட இறால் குட்டைகளின் வரப்பு. அதற்கு முன்னால் சதுப்பும், அதற்கு முன்னால் கடலும். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டிலிருந்து முதல் கொமுட்டர் ரயிலைப் பிடித்துக் கடைசி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து டாக்சியில் போக வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை மாதம் இருமுறை போய்க்கொண்டிருக்கிறேன். தொடங்கியபோது துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். கடல் எப்போது ஏறும், எப்போது வடியும் என்ற அட்டவணை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. அதைப் பார்த்துக் கப்பலுக்கு நேரம் சொன்னவள், ஓய்வு பெற்ற பிறகு பறவைக்கு நேரம் பார்க்கிறேன்.

சிலாங்கூர் கரை நெடுக இப்படிப் பல இடங்களில் ஆட்கள் ஒரே வாரத்தில் எண்ணுகிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. எண்ணிக்கைகள் எல்லாம் ஒரு ஒருங்கிணைப்பாளரிடம் போய்ச் சேரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைத் தொகுத்து, மாநில அளவில் எந்தப் பறவை நிலையாக இருக்கிறது, எது குறைகிறது என்று அறிவிப்பார்கள். ‘குறைகிறது’ என்ற சொல் ஒரு பறவையின் பெயருக்கு எதிரில் வந்துவிட்டால், அது தங்கும் இடத்தைத் தொடுகிறவர்கள் யாராக இருந்தாலும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை ரயில்.

எனக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது கெண்டிக்கு. பழுப்பு நிறம், கோழிக்காலைவிட நீளமான கால், முகத்துக்குப் பொருந்தாத நீளத்தில் கீழ்நோக்கி வளைந்த அலகு. மலாய்க்காரர்கள் வைத்த பெயர் இது. நீர் ஊற்ற மூக்கு வைத்த பாத்திரத்துக்கு நம்மிடமும் இதே பெயர் இருந்ததால் எனக்கு மனதில் உடனே நின்றுவிட்டது. வடக்கே சைபீரியப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே பனி தொடங்குமுன் கிளம்பி எங்கள் சேற்றுக்கு வருகிறது. பழைய பயணக் குறிப்புகளை நூலகங்களில் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். அவற்றை எழுதினவர்கள் இந்தப் பறவையைப் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார்கள், நாம் காக்கையைக் குறிப்பிடுவதுபோல. நான் எண்ணத் தொடங்கிய ஆண்டுகளில் வரப்பின் தென்முனை இதனாலேயே பழுப்பாகத் தெரியும். எண்ணும் கருவியை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலிக்கும். பிறகு கருவி தேவைப்படவில்லை. பிறகு ஒரு கை விரல்களே போதுமானதாக இருந்தது.

என்னோடு எண்ண வருகிறவர் கிடங்குக்குள் கேன்டீன் நடத்தும் அக்கா. என்னைவிட ஆறேழு வயது பெரியவர். லோரி ஓட்டுநர்களுக்கு நாசி லெமாக்கும் இடியாப்பமும் கட்டிக் கொடுப்பவர். முதல் நாள் காவலாளி என்னை உள்ளே விடாமல் நிறுத்தியபோது, “என் தங்கச்சிதான், விடு” என்று கேன்டீனுக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார். அதற்கு முன் என்னை அவர் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து அவருடைய பின்வாசல் வழியாகத்தான் வரப்புக்குப் போகிறேன். முதலில் எனக்குக் கோப்பி கொண்டுவந்து தருவதற்காக வந்தார். அப்புறம் தொலைநோக்கியில் கண் வைத்தார். அப்புறம் என்னைக் கேலி செய்ய ஆரம்பித்தார்.

“ஊர்ல எல்லாரும் பிள்ளைங்களுக்கு மாப்பிள்ள பாக்குறாங்க. நீ கொக்குக்கு அட்டெண்டன்ஸ் எடுக்குற.”

“கொக்கு இல்லக்கா, கெண்டி.”

“அதுவும் மூக்குதான நீளம்.”

ஆனால் இரண்டு பருவத்துக்குள் கெண்டியையும், அதைப் போலவே இருக்கும், தலையில் கோடு போட்ட அதன் சின்ன உறவையும் என்னைவிட வேகமாகப் பிரித்துச் சொல்லத் தொடங்கிவிட்டார். மூன்றாவது பருவத்தில், வருகிறவர்களில் தனக்குப் பிடிக்காத ஆட்களுக்கெல்லாம் கெண்டியின் பெயரை வைத்துக் கூப்பிடவும் தொடங்கினார்.

சென்ற பருவத்தின் நடுவில் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். முதலில் இடது, ஆறின பிறகு வலது. தூசி கூடாது, குனியக் கூடாது, வெளிச்சம் கூடாது என்றார் மருத்துவர். எனக்குப் பட்டதெல்லாம் கெண்டி கூடாது என்பதுதான். தீபாவளி முடிந்ததிலிருந்து தைப்பூசம் தாண்டும் வரை, பறவைகள் மிகுதியாகத் தங்க வேண்டிய அந்த நான்கு மாதமும் போய்விடும். குழுவில் பெரிய லென்ஸ் வைத்திருக்கும் இளைஞர்களைக் கேட்டேன். அரிதாக ஏதாவது வந்தால் வருவதாகச் சொன்னார்கள். எண்ணுவதற்கு மட்டும் யாரும் அவ்வளவு தூரம் வருவதாக இல்லை.

“என்னாத்துக்கு அவனுங்க கால்ல விழுற? நான் எண்ணுறேன்” என்றார் அக்கா. “மூணு அடி நடந்தா வரப்பு. காலண்டர்ல அமாவாச போட்டிருக்கான். வேற என்ன வேணும்?”

தொலைநோக்கியை அவருடைய கேன்டீனில் விட்டுவிட்டு வந்தேன். சொன்னதுபோலவே ஒரு பெருக்கைக்கூட அவர் தவறவிடவில்லை. படிவத்தை நிரப்பி, கைப்பேசியில் படமெடுத்து ஒருங்கிணைப்பாளருக்கும் எனக்கும் அனுப்பிவிடுவார். திரை மூடின இருட்டறையில், கட்டு இல்லாத கண்ணுக்கு மிக அருகில் கைப்பேசியைப் பிடித்து அந்தப் படிவத்தைப் பார்ப்பேன். மற்ற வரிகளுக்குப் போகமாட்டேன். கெண்டி என்ற வரி மட்டும். அதற்கு எதிரில் ஒன்று என்று இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒன்று. ஒரே ஒரு பறவை, ஆனால் வந்திருக்கிறது. அது பழைய பறவையாகத்தான் இருக்க வேண்டும், பழக்கத்தில் வந்திருக்கிறது, அடுத்த ஆண்டு இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வரும் என்றெல்லாம் படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன்.

பங்குனி உத்திரத்துக்கு முந்திய அமாவாசை கழிந்த மறுநாள் நான் திரும்பப் போனேன். மாசி என்று முதலில் எழுதியிருந்தேன். நாட்காட்டியைப் பார்த்துத் திருத்துகிறேன். புதுக் கண்ணுக்கு உலகம் கழுவி வைத்ததுபோல இருந்தது. வரப்பில் இருந்த ஒவ்வொரு கால்தடமும் தெரிந்தது. சின்ன உள்ளான்கள் இருந்தன, வெள்ளைக் கொக்குகள் இருந்தன. கெண்டி இல்லை. தென்முனையிலிருந்து வடமுனைக்கும், வடமுனையிலிருந்து தென்முனைக்குமாக இரண்டு தடவை பார்த்தேன். சதுப்புக்கு முன்னால், முன்பு ஒரு மிதவை மட்டும் இருந்த இடத்தில், மணல் தோண்டும் இயந்திரம் ஒன்று நின்று உறுமிக்கொண்டிருந்தது. அது அங்கே வந்தது அதற்கு முந்திய பருவத்தின் கடைசி வாரம். குறித்து வைத்திருக்கிறேன்.

கேன்டீனுக்கு வந்து உட்கார்ந்தேன். அக்கா ரொட்டியைத் தட்டில் போட்டுத் தள்ளினார்.

“எத்தன எழுதின?”

“கெண்டியா? இல்லக்கா. வரல.”

“சரி, ஒண்ணு போட்டுரு.”

“நீங்க பாத்தீங்களா?”

“எங்க பாக்குறது? இந்த வருஷம்தான் அது வரவே இல்லையே.”

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன்.

“அப்ப நாலு மாசமா ஒண்ணு ஒண்ணுன்னு எழுதி அனுப்பினது?”

“அது சும்மா போட்டது லா.” குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார். “கல்யாணத்துக்குப் போறோம். மொய் எழுதுறப்ப நூறுன்னா எழுதுற? நூத்தியொண்ணுன்னுதான எழுதுற. கோசோங்ல, சைபர்ல முடிச்சா நல்லாவா இருக்கு? இதுல பாரு, வெறும் கோசோங். ஒரு பறவைக்கு நேரா முட்டை போட்டு அனுப்ப எனக்குக் கை வரல. ஒண்ணு போட்டேன். மத்ததுக்கும் அப்படித்தான். கொக்கு முப்பது இருந்துச்சுன்னா முப்பத்தொண்ணு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும், வேறு யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இருட்டறையில் நான் கூடவே வைத்திருந்த அந்த ஒற்றைப் பறவை, ரொட்டிக் கல்லின் புகையில் என் முன்னாலேயே இல்லாமல் போனது.

“அக்கா, இது மொய் இல்ல.”

“தெரியும். இன்னொண்ணும் தெரியும், நீ கேளு. அந்த மிஷினு சும்மாவா நிக்குது? குட்டைய தூர்க்கப் போறானுங்கன்னு யார்டு முழுக்கப் பேச்சு. அங்க ஒண்ணுமே இல்லன்னு நீயே எழுதிக் குடுத்தா மறுநாள் காலையில மண்ணு லோரி வந்து நிக்கும். ஒண்ணு இருக்குன்னா கொஞ்சம் யோசிப்பானுங்க. நான் உன் பறவைக்குத்தான் காவல் இருந்தேன், நீ என்னைய திருடி மாதிரி பாக்குற.”

இல்லாத ஒன்றை வைத்து வரப்பைப் பூட்டிவைக்க நினைத்திருக்கிறார். ஆனால் ‘குறைகிறது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று நேர்கோடாக நின்றால் அதற்குப் பெயர் நிலை. வந்துகொண்டிருந்த பறவை வரவில்லை என்று சொல்வதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பூஜ்யங்கள்தான். அவற்றைத்தான் அவர் அன்பினால் நிரப்பியிருந்தார்.

அன்று மாலையே ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டேன். ரவாங்கைச் சேர்ந்த இளம்பெண். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள். சனி ஞாயிறுகளில் எங்கள் எல்லோருடைய எண்ணிக்கைகளையும் கணினியில் ஏற்றுகிறாள். மாநிலத் தொகுப்பு அந்த ஆண்டுதான் வெளியாக வேண்டும்; அவள் ஏற்கெனவே தூக்கமில்லாமல் இருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

“ஆன்டி, சிம்பிளா முடிப்போம். அந்த நாலு மாசத்த மொத்தமா தூக்கிடுறேன்.”

“தூக்கினா கெண்டிக்கு எதிர்ல என்ன வரும்?”

“உங்க சைட்டுல பருவத்துல பாதி போயிடும். ‘போதிய தகவல் இல்லை’ன்னு வரும்.”

“தகவல் இருக்கும்மா. வரலங்கிறதுதான் தகவல்.”

“எனக்குத் தெரியும் ஆன்டி. ஆனா ஒண்ணுன்னு எழுதியிருக்கிறத நான் சும்மா அடிச்சு பூஜ்யம்னு மாத்த முடியாதுல்ல? நாளைக்கு யாராச்சும் கேட்டா? அங்க நின்னு எண்ணினவங்களே வந்து சொல்லணும். எந்தெந்த நாள் போனேன், எவ்வளவு நேரம் பார்த்தேன், ஒண்ணுகூட இல்ல, எழுதினது தப்புன்னு. கையெழுத்துப் போட்டுத் தரணும். அப்ப மாத்துவேன். உங்க கதை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா கதைய டேபிள்ல ஏத்த முடியாது.”

கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னது சரி. தூக்க மட்டும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். நான் கையெழுத்துப் போட முடியாது. அந்த நாட்களில் நான் அங்கே இல்லை. அக்கா போட வேண்டும். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை எண்ணுகிறவர்களின் கூட்டம் இருந்தது. அதற்குள்.

பௌர்ணமிப் பெருக்குக்குப் போனபோது கேட்டேன். பூரி மாவு பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“பொய் எழுதினேன்னு நான் கையெழுத்துப் போடணும். அதான?”

“தப்பா எழுதிட்டேன்னு போட்டா போதும்க்கா.”

“என்ன வித்தியாசம்? இந்த வயசுல நாலு படிச்சவங்களுக்கு முன்னால? நான் எஸ்பிஎம் பரீட்சைகூட எழுதல. நீங்கள்லாம் இங்கிலீஷ்ல எழுதி வச்சிக்குவீங்க, கேன்டீன்காரி ஏமாத்தினான்னு.”

“யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க.”

“நீ சொல்ல மாட்ட. அவங்க சொல்லுவாங்க. உனக்குப் பறவைதான் பெருசு. போ, போய் எண்ணு. பின்வாசல் திறந்துதான் கிடக்கு.”

அன்றும் தனியாகத்தான் எண்ணினேன். கோப்பி வரவில்லை. கெண்டியும் வரவில்லை. வந்த வழியே திரும்பும்போது அவர் இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை, அவரும் கூப்பிடவில்லை. எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் இறங்கிப்போக மனம் இல்லை. நீங்கள் போட்ட ஒன்று அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கோப்பி வந்திருக்கும். அதை நான் சொல்லவில்லை. இப்போதும் சொல்லமாட்டேன்.

கூட்டம் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே, ஒரு கடைவரிசையின் மேல்மாடி மண்டபத்தில். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. இறால் குட்டைகளை நிரப்பும் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும் ஆலோசகர் ஒருவரும் வந்திருந்தார். எங்கள் எண்ணிக்கையை அவர்கள் முறைப்படி கேட்டு வாங்கியிருந்ததால், அதை எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று வந்து காட்டும்படி ஒருங்கிணைப்பாளர்தான் அழைத்திருந்தாள். நாற்பது வயதுக்குள், நன்றாகப் பேசக்கூடிய மனிதர். அவரோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை, அதுவரை.

அவர் தொடங்கும்போது கதவு திறந்தது. அக்கா. நல்ல புடவை, கையில் ஒரு பெரிய டப்பா. என்னைப் பார்க்காமல் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார்.

“உனக்காக வரல” என்றார் மெதுவாக. “என்னைய பத்தி என்னா பேசுறீங்கன்னு பாக்க வந்தேன்.”

“டப்பாவுல என்ன?”

“கறிபாப், காலையில பொரிச்சது. பேசுறது நல்லா இருந்தா திறப்பேன்.”

ஆலோசகர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனார். திரையில் ஒரு அட்டவணை வந்தது. எங்கள் வரப்பு. எங்கள் பருவம். அவர்கள் பிப்ரவரியிலேயே வாங்கிப் போயிருந்த எண்கள். கெண்டியின் வரிசையில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வரிசையாக நின்றது. அதன்கீழ் அழுத்தமான எழுத்தில் ஒரு வாக்கியம்.

“அந்தாளு என்ன சொல்றான்?” என்றார் அக்கா.

“கெண்டி சிறிய எண்ணிக்கையில இந்த இடத்துல தொடர்ந்து இருந்துகிட்டுத்தான் இருக்காம். மிஷினு வேலை நடந்த மாசங்கள்லயும் தவறாம வந்திருக்காம். அதனால வேலையால அதுக்குத் தொந்தரவு இல்லையாம்.”

“அந்த ஒண்ணு நம்ம ஒண்ணா?”

“நீங்க போட்டதுதான்.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். மலாயில்தான் பேசினார், மண்டபத்தில் எல்லோருக்கும் புரியும் மொழி அது. தமிழில் தருகிறேன்.

“பாஸ், கொஞ்சம் நிறுத்துங்க. அந்த ஒண்ணுங்களயெல்லாம் போட்டது நான். அங்க பறவை இல்ல. ஒரு நாள்கூட இல்ல. வெறும் முட்டை எழுதக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு பழக்கம், அதுல போட்டுட்டேன். பறவைக்கு நல்லதுன்னு நெனச்சேன். நீங்க அத எடுத்து மிஷினுக்கு நல்லதாக்கிட்டீங்க. என் ஒண்ண எனக்குத் திருப்பிக் குடுங்க.”

யாரோ சிரித்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

ஆலோசகர் மரியாதையாகத்தான் கேட்டார். அப்படியானால் இந்தப் பருவம் அங்கே கெண்டியே இல்லை, இல்லாத பறவைக்கு நாங்கள் ஏன் வரப்பை விட்டுவைக்க வேண்டும் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று அந்தப் பார்வையில் இருந்தது. அவர் பயந்தது இதற்குத்தான்.

நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் தேதிகள் என்னிடம் இருந்தன. இயந்திரம் எந்த வாரம் வந்தது என்று சொன்னேன். அதற்கு முந்திய பருவங்களில் இதே மாதங்களில் வரப்பில் எத்தனை கெண்டி நின்றன என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இயந்திரம் வருவதற்கு முன்பும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டுதான் வந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். வரும் வழியில் வேறு நாடுகளிலும் அவை தங்கும் சேறு அழிந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னேன்.

“உங்கள் இயந்திரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாதவர்கள் ‘தொந்தரவு இல்லை’ என்று எழுதக் கூடாது. அந்த வரியை எடுங்கள். பறவை வரவில்லை என்பது உங்களுக்குக் கிடைத்த அனுமதி இல்லை. அது உங்களிடம் கேட்கிற கேள்வி.”

பரிசீலிப்பதாகச் சொன்னார். பரிசீலனை என்றால் என்ன என்று எங்கள் அலுவலகத்தில் இருபது வருடம் பார்த்தவள் நான். எந்தத் தேதிக்குள் என்று கேட்டேன். அவர் ஒரு தேதி சொன்னார். மண்டபத்தில் இருந்த எல்லோரையும் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

ஒருங்கிணைப்பாளர் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நாள் நாளாகக் கேட்டு எழுதினாள். எந்த நாளும் அக்காவுக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு அமாவாசையும் பௌர்ணமியும் அவருக்கு விரத நாள். கொக்குகளில் சேர்த்த ஒன்றுகளையும் அவரே ஒவ்வொன்றாகக் கழித்துக் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனாவை நிறுத்தினார்.

“இதுல எங்கயாச்சும் ஏமாத்தினான்னு போட்டிருக்கா?”

“இல்ல ஆன்டி. ‘எண்ணினவரே திருத்தினார்’னு போட்டிருக்கேன்.”

“நல்லது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டப்பாவைத் திறந்தார். ஆலோசகருக்கும் ஒன்று கொடுத்தார். அவருக்கு மட்டும் ஒன்றுதான். மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு.

தொகுப்பு ஜூலையில் வந்தது. கெண்டி, கிள்ளான் கரை: குறைகிறது. அச்சில் அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? ஒரு பறவை போய்க்கொண்டிருக்கிறது என்ற வரி அது. ஆனால் போய்க்கொண்டிருப்பதை ‘இருக்கிறது’ என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அதற்காக நான் ஒரு நண்பரைக் கிட்டத்தட்ட இழந்திருந்தேன். அவசியமென்றால் திரும்பவும் அதையே செய்வேன்.

ஆலோசகரின் திருத்திய அறிக்கையும் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் கழித்து வந்தது. அந்த வாக்கியம் எடுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாகக் கேள்வி எதுவும் வைக்கப்படவில்லை; கெண்டி என்ற பெயரே அறிக்கை முழுவதிலும் எங்கும் இல்லை. நான் நாலு பக்கம் எழுதி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். மாநிலத் தொகுப்பில் உள்ள வரியைச் சுட்டிக்காட்டி, அதற்குப் பதில் இல்லாத அறிக்கையை எப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. இன்னொரு முறை எழுதினேன். அதற்கும் பெற்றுக்கொண்டோம் என்று வந்தது. நிரப்பும் வேலை இதுவரை தொடங்கவில்லை. என் கடிதத்தாலா, வேறு எதனாலா என்று யாரும் சொல்லவில்லை. எழுதுவதை நான் நிறுத்தவில்லை.

ஆகஸ்டில் வரப்புக்கும் கிடங்குக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் தகர வேலி போட்டார்கள். அக்காவின் பின்வாசலுக்கு நேராகவே. செப்டம்பரில் முதல் பெருக்குக்கு நான் முக்காலியோடு போய் நின்றபோது எதிரே நீலத் தகரம்தான் தெரிந்தது. ‘பார்க்கவில்லை’ என்பது வேறு, ‘பார்த்தோம், இல்லை’ என்பது வேறு. பார்க்க முடியாமல் போனால் பூஜ்யம்கூட எழுத முடியாது. வேலி போட்டவர்களுக்கு அது தெரிந்திருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியும்.

அக்கா கேன்டீனின் பக்கவாட்டில், அரிசி மூட்டை வைக்கப் பயன்படுத்தும் பழைய கொள்கலனைக் காட்டினார். அதன்மேல் சாத்தி ஒரு இரும்பு ஏணி நின்றது. புதிதாக வாங்கியது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

“கண்ண ஆப்பரேஷன் பண்ணிட்ட. காலு நல்லாதான இருக்கு?”

“நீங்க ஏறுவீங்களா?”

“உன்னைய தனியா ஏத்தி விட்டுட்டு, விழுந்தா யாரு தூக்குறது? ஏறு.”

முதலில் முக்காலியை ஏற்றினோம், பிறகு தொலைநோக்கி, பிறகு நான், பிறகு அக்கா, அவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மேலிருந்து வேலி தாண்டி வரப்பு முழுவதும் தெரிந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, சின்னப் பறவைகள் ஏற்கெனவே மேட்டுக்கு வரத் தொடங்கியிருந்தன. நான் குவியம் சரிசெய்துகொண்டிருந்தபோது கீழே புதுக் காவலாளி ஓடிவந்தார்.

“அக்கா, எறங்குங்க. அந்தப் பக்கம் பாக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிருக்காங்க.”

“எந்தப் பக்கம்?”

“வேலிக்கு அந்தப் பக்கம்.”

“வேலி உங்களுது தம்பி. கொண்டேனர் என்னுது. கண்ணு எங்களுது.” அக்கா நாற்காலியைச் சரிசெய்து உட்கார்ந்தார். “நீங்க சாப்டீங்களா? கீழ நாசி லெமாக் இருக்கு, எடுத்துக்கங்க.”

“நான் பாஸுக்குப் போன் பண்ணுவேன்.”

“பண்ணுங்க. பேரு கேட்டா ரெண்டு பேரு பேரையும் சரியா சொல்லுங்க.”

காவலாளி கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு அண்ணாந்து எங்களையே பார்த்தபடி நின்றார். தண்ணீர் வரப்பின் விளிம்பைத் தொட்டது. அவர் பேசி முடிப்பதற்குள் நான் தென்முனையிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தேன்.